குச்சி உருவங்களும் தீர்ப்பெழுதும் கைகளும்

கலையின் வரலாறு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் படைத்தவர்களின் வரலாறு. தீர்ப்புச் சொன்னவர்களின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. எது கலை, எது குப்பை, எதற்கு மூன்று பக்கம் விமர்சனம் எழுதணும், எதை ஒற்றைச் சொல்லில் தூக்கி எறிஞ்சிடலாம் என்று முடிவு செய்த கைகள் யாருடையவை? தலித் இலக்கியத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1992இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தபோது அதன் பேச்சுமொழியைப் பார்த்து 'கொச்சை' என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நூல் நின்றது. சுளித்த முகங்கள் எவை என்று இன்று தேடித்தான் பார்க்கணும்.

அதே கேள்வியை, இலக்கியத்துக்கு வெளியே ரொம்ப அற்பமானது என்று ஒதுக்கப்படுகிற ஒரு வடிவத்திடம் கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. பட்டறையில் படிக்காத சாதாரண ஆட்கள் கணினியில் வரைந்து, இணையத்தில் போட்ட ஒரு நிமிஷ, இரண்டு நிமிஷ அசைபடங்கள். பொம்மைப் படங்கள். "தேர்வாய்கண்டிகையில மேய்க்கால் நிலம் போச்சு, செங்கல் சூளையில குடும்பத்தோட ஆளுங்க அடைஞ்சு கெடக்கறாங்க, நீங்க பொம்மைப் படத்தப் பத்திப் பேசறீங்களே தோழர்" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பதிலைக் கட்டுரையின் போக்கிலேயே சொல்கிறேன்.

1

அசைபடம் என்பது கணக்கு. திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள். ஒரு நிமிஷத்துக்கு 1440. ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் 720 படங்கள் வரையணும். வரைய ஆள் வேணும், தாள் வேணும், கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டு தகடு வேணும், மேலிருந்து படம் பிடிக்கும் கேமரா வேணும், அதற்குப் பிறகு கழுவும் கூடம். அதனால்தான் கணினி வரும்வரை இது பெருமுதலாளியின் கலையாகவோ அரசாங்கத்தின் கலையாகவோ மட்டும் இருந்தது. இந்தியாவில் அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன்தான் இதற்கென்று தனிப் பிரிவு வைத்து ஆட்களைப் பழக்கியது. 1956இல் டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து கற்றுக்கொடுத்தார். 1957இல் வந்த 'தி பேனியன் டீர்' அந்தப் பிரிவின் தொடக்கப் படங்களில் ஒன்று. கதை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பௌத்த ஜாதகக் கதையிலிருந்து. சினைமானுக்குப் பதிலாகத் தன் கழுத்தைக் கொடுக்க வந்த மான் அரசனின் கதை. பாபாசாகேப் நாக்பூரில் தீட்சை எடுத்தது 1956 அக்டோபரில். அடுத்த ஆண்டு அரசாங்கம் பௌத்தக் கதையை வரைந்து காட்டியது. ஆனால் பௌத்தத்துக்குப் போன மக்கள் அந்தக் கூடத்துக்குள் தூரிகை பிடித்து உட்கார வழி ஏதும் போடப்படவில்லை. நம் கதையை வரையலாம், நாம் வரையக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான் நிலைமை.

அச்சிலும் இப்படித்தான் இருந்தது. அச்சு மலிவானபோதுதான் ஒரு திறப்பு வந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். விலையையே பெயராக வைத்ததில் ஒரு அரசியல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்கிற அறிவிப்பு அது. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுக்கிறோம் என்று சொல்லியும் திலகரின் 'கேசரி' அதற்கு விளம்பரம் போட மறுத்தது. வடிவம் மலிவாவது ஒரு பக்கம். மலிவானதை அங்கீகரிக்கும் அதிகாரம் யார் கையில் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

2

இணையத்தில் இந்தத் திறப்பு 1996இல் வந்தது. பியூச்சர்வேவ் என்ற சிறு நிறுவனம் செய்த வரைகருவியை அந்த ஆண்டுக் கடைசியில் மேக்ரோமீடியா வாங்கி 'பிளாஷ்' என்று பெயர் மாற்றியது. அதன் சூட்சுமம் எளிது. படத்தைப் புள்ளிகளாகச் சேமிக்காமல் கோடுகளின் கணக்காகச் சேமித்தது. ஒரு கையை ஒருமுறை வரைந்தால் போதும், திரும்பத் திரும்ப எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு நகரணும் என்று சொன்னால் நடுவில் உள்ள படங்களைக் கருவியே நிரப்பிவிடும். பட்டறையில் பத்துப் பேர் செய்த வேலையை ஒரு பையன் ஒரு ராத்திரியில் செய்ய முடிந்தது. கோப்பு சிறியதாக இருந்ததால் தொலைபேசிக் கம்பியில் ஊர்ந்து வந்த அன்றைய இணையத்திலும் ஓடியது.

செய்தாயிற்று, எங்கே காட்டுவது? அமெரிக்காவில் டாம் ஃபல்ப் என்கிற இளைஞர் நடத்திய 'நியூகிரவுண்ட்ஸ்' தளம் அதற்குப் பதிலாக வந்தது. அதன் பிறப்பு நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். 1991இல், பதின்மூன்று வயதில், ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டியின் ரசிகர்களுக்காக அவர் நடத்திய சிறு பத்திரிகைதான் அதன் வேர். நம்மூர்க் கையெழுத்துப் பத்திரிகைக்குச் சித்தப்பன் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995இல் அது இணையதளமாயிற்று. 2000ஆம் ஆண்டில் யார் வேண்டுமானாலும் தங்கள் படத்தைத் தாங்களே ஏற்றலாம், உடனே ஊரே பார்க்கலாம் என்கிற ஏற்பாடு வந்தது. ஆசிரியர் குழு இல்லை, தேர்வுக் குழு இல்லை. யூடியூப் வந்தது 2005இல் என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு முன்னால் நடந்தது என்று புரியும்.

ஆசிரியர் இல்லையென்றால் தீர்ப்பு? பார்ப்பவர்கள்தான். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். புதிதாக ஏறிய படம் கொஞ்ச காலம் 'விசாரணை'யில் இருக்கும். ஓட்டு மோசமாக விழுந்தால் தளத்திலிருந்தே நீக்கப்படும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ளாம்'. தப்பிப் பிழைத்தால் நிலையான இடம். ஓட்டோடு சேர்த்து விமர்சனமும் எழுதலாம். வரைந்தவர் அதன் கீழேயே பதில் எழுதலாம். எழுதியவனும் விமர்சித்தவனும் ஒரே திண்ணையில் உட்காருகிற மாதிரி. பயனற்ற விமர்சனம் என்று மற்றவர்கள் புகார் செய்யவும் வழி இருந்தது. அதாவது விமர்சனத்துக்கே விமர்சனம்.

நம் சிற்றிதழ்களில் கடைசிப் பக்கத்தில் வரும் 'பெற்றுக்கொண்டோம்' பட்டியலை நினைத்துப் பாருங்கள். எழுதியவன் மூன்று வருஷம் காத்திருந்து, ஒரு வரிகூட வராமல், செத்தே போயிருப்பான். இங்கே ராத்திரி போட்ட படத்துக்குக் காலையில் பத்து விமர்சனம். 'கால் சறுக்குது', 'ஓசை பிந்துது', 'குத்து விழற இடத்துல ஒரு சட்டம் நிறுத்து' என்று கைவேலையைப் பற்றிய பேச்சு. பட்டறை வாசலை மிதிக்காதவர்களுக்கு அதுதான் பட்டறை ஆயிற்று.

3

இதை ஜனநாயகம் என்று கொண்டாடிவிட்டுப் போய்விடலாம். பல பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நாம் அப்படிப் போக முடியாது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்தத் தளத்தில் பின்லேடனைக் கொல்லுகிற படங்கள் குவிந்தன. கொல்லப்படுபவன் பின்லேடனா, தாடியும் தலைப்பாகையும் வைத்த எந்த மனிதனுமா என்கிற வித்தியாசம் பல படங்களில் இல்லை. கறுப்பினத்தவரும் ஆசியர்களும் கேலிப் பொருளாக வந்துபோன படங்களுக்கும் குறைச்சலில்லை. யாரும் கதவை அடைக்கவில்லை, யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். ஆனால் ஓட்டுப் போட உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்த பையன்கள். சொந்தக் கணினி, தடையில்லாத மின்சாரம், ராத்திரி முழுக்க விழித்திருக்க ஓய்வு. அவர்களுக்குச் சிரிப்பு வந்தால் ஐந்து, வராவிட்டால் பூஜ்யம்.

1945இல் பம்பாயில் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் மாநாட்டில் பேசிய அம்பேத்கர் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். அரசியல் பெரும்பான்மை உருவாக்கப்படுவது. கருத்தால் சேரும், கருத்தால் கலையும். வகுப்புப் பெரும்பான்மை பிறப்பால் வருவது. அது கலையாது, அதன் கதவு வெளியாட்களுக்குத் திறக்காது. இந்தியாவில் பெரும்பான்மை என்று பேசப்படுவது இரண்டாவது வகை என்பது அவர் வாதம். கலையின் தீர்ப்புக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். ரசனைப் பெரும்பான்மை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பிறப்புப் பெரும்பான்மைதான். அதன் ஓட்டில் தோற்றது மோசமான படம் என்று நிரூபணம் ஆகிவிடாது. ஜெயித்தது நல்ல படம் என்றும் ஆகிவிடாது. வாக்குச்சீட்டு விமர்சனமாகாது. எண்ணிக்கை நமக்கு எதிராக இருக்கும்போது நமக்கு வேண்டியது காரணம் சொல்லும் எழுத்து. காரணத்தோடு சண்டை போடலாம். எண்ணோடு என்ன செய்வீர்கள்?

4

அந்த உலகத்தின் தனி அடையாளம் குச்சி மனிதன். ஒரு வட்டம், ஐந்து கோடு. சீனாவில் ஜூ ஜிச்சியாங் 2000ஐ ஒட்டி 'சியாவ் சியாவ்' என்ற வரிசையில் குச்சி மனிதர்களின் சண்டைப் படங்களைச் செய்து வெளியிட்டார். உலகம் முழுக்கப் பரவியது. 2003இல் நைக் நிறுவனத்தின் விளம்பரத்தில் அதே சாயலில் ஒரு குச்சி மனிதன் வந்தான். ஜூ வழக்குப் போட்டார். 2004இல் பெய்ஜிங் நீதிமன்றம் அவருக்கு 3 லட்சம் யுவான் கொடுக்கச் சொன்னது. 2006இல் மேல் நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. வட்டமும் கோடுமாக இருக்கிற உருவம் பொதுச் சொத்து, அதில் தனித்தன்மை குறைவு என்பது அதன் நியாயம்.

சட்டப்படி இது சரியா தப்பா என்பதை வக்கீல்கள் பேசட்டும். நமக்குப் பழகிய ஒரு தர்க்கம் இதில் இருக்கிறது. பறையும் கூத்தும் தாலாட்டும் ஒப்பாரியும் 'நாட்டார் கலை', யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவன் மேடையேற்றினால் அது அவனுடைய கலை, அதற்குப் பெயருண்டு, காசுண்டு. எளிமையாகச் செய்கிறவனுக்கு உரிமை கிடையாது என்பது பெய்ஜிங்கில் மட்டும் சொல்லப்படும் தீர்ப்பல்ல.

இன்னொரு படம். 2006இல் ஆலன் பெக்கர் என்கிற அமெரிக்கப் பையன் வெளியிட்ட 'அனிமேட்டர் வெர்சஸ் அனிமேஷன்'. திரையில் தெரிவது பிளாஷ் கருவியின் வேலைப்பலகை. சுட்டி வந்து ஒரு குச்சி மனிதனை வரைகிறது. அவனுக்குப் 'பலியாள்' என்று பெயர் வைக்கிறது. பிறகு வதைக்கத் தொடங்குகிறது. அவன் திமிறி எழுந்து, பலகையின் ஓரத்திலிருந்த கருவிகளையே பிடுங்கி, வரைந்தவனோடு சண்டை போடுகிறான். கடைசியில் வெல்வது வரைந்தவன்தான். நிரலை மூடினால் உருவம் இல்லை.

இதைச் சிரித்துப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. அந்தப் பையன் ஒரு தொழில்நுட்ப வேடிக்கையாகத்தான் செய்திருப்பான். ஆனால் ஒரு சேரிப் பிள்ளை அதைப் பார்க்கும்போது என்ன தெரியும்? படைத்தவன் ஒருத்தன். அவன் பெயர் வைக்கிறான், பெயரிலேயே தண்டனை இருக்கிறது. படைக்கப்பட்டவன் தப்பிக்க ஒரே வழி, தன்னை வரைந்த கருவியைத் தன் கையில் எடுப்பது. அப்படியும் பலகை முழுக்க எதிரியுடைய சொத்து. புருஷனின் தலையிலும் காலிலும் பிறந்த கதையைச் சுமந்து நிற்கிற சமூகத்துக்கு இந்த இரண்டு நிமிஷத்தை விளக்கப் பேராசிரியர் தேவையில்லை. வரைந்தவன் நினைக்காததைப் படத்தில் பார்ப்பதும் விமர்சனம்தான்.

5

நாம் எப்போது அங்கே போய்ச் சேர்ந்தோம்? இந்த இடத்தில் தேதிகளைக் கொஞ்சம் கவனமாக அடுக்கணும்.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் 2000க்குப் பின் ப்ரவுசிங் சென்டர்கள் வந்தன. மணிக்கு இருபது ரூபாய் என்பது சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர் வீட்டில் சின்னத் தொகையல்ல. வேலைக்கு விண்ணப்பம், தேர்வு முடிவு, அத்தோடு சரி. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம் மாவட்டத்தில்தான், திருவள்ளூரை அடுத்த காக்களூரில், தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போயின. பல சேரி வீடுகளில் நுழைந்த முதல் கணினி அதுதான். அந்தத் திட்டத்தை 'இலவசம்' என்று கேலி செய்தவர்களின் வீட்டில் ஏற்கனவே இரண்டு கணினி இருந்தது.

ஆனால் அதற்குள் என்ன நடந்திருந்தது? 2007இல் வந்த ஐபோன் பிளாஷை ஏற்கவே இல்லை. 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கு எதிராகப் பகிரங்கமாக எழுதினார். 2011 நவம்பரில், காக்களூர் விழா முடிந்து இரண்டே மாதத்தில், மேக்ரோமீடியாவை வாங்கியிருந்த அடோபி நிறுவனம் செல்போனுக்கான பிளாஷை நிறுத்துவதாக அறிவித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து செல்போன் இணையம் மலிவானபோதுதான் நம் பிள்ளைகள் கூட்டமாக இணையத்துக்குள் போனார்கள். அவர்கள் கையில் இருந்த பொட்டியில் அந்த உலகம் தெரியவே தெரியாது. 2020 டிசம்பர் 31இல் பிளாஷ் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. நாம் கதவைத் தட்டும்போது வீட்டையே இடித்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் திட்டமிட்டு நம்மை விலக்கவில்லை என்று சொல்வார்கள். உண்மைதான். பிந்தி வருகிறவன் பிந்தியே வருவதற்கு யாரும் தனியாகத் திட்டம் போடத் தேவையில்லை. ஏற்கனவே போட்டு வைத்த திட்டமே போதும்.

நம் பிள்ளைகள் கூட்டமாக ஏறிய மேடை டிக்டாக். அங்கே வரையத் தேவையில்லை, தன் உடம்பையே காட்டலாம். செங்கல் சூளையிலிருந்தும் மீன் சந்தையிலிருந்தும் ஆடினார்கள், பாடினார்கள், நடித்தார்கள். உடனே தீர்ப்பெழுதும் கைகள் நீண்டன. 'அருவருப்பு', 'லோக்கல்', 'வேலை வெட்டி இல்லாதவங்க' என்று சிரிப்பதையே தொழிலாகச் செய்தவர்கள் யூடியூபில் லட்சக்கணக்கில் பார்வையாளர்களைச் சேர்த்தார்கள். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை சொன்னது, அதே மாதம் நீக்கியது. 2020 ஜூன் 29இல் ஒன்றிய அரசு சீனச் செயலிகளோடு சேர்த்து அதைத் தடை செய்தது. ஏறக்குறைய 20 கோடிப் பேர் செய்தது ஒரே ராத்திரியில் கண்ணுக்கு மறைந்தது. அதில் எது கலை, எது குப்பை என்று பொறுமையாக உட்கார்ந்து எழுதிய ஒரு விமர்சனம்கூட நான் படித்ததில்லை.

முகம் காட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு பாட்டுக்கு ஆடிய காட்சிக்காக, ஒரு தலைவரின் படத்தை வைத்த காட்சிக்காக அடிபட்ட பிள்ளைகளை நாம் அறிவோம். பெண் பிள்ளைகளுக்கு ஊரும் எதிரி, வீடும் எதிரி. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' 1930ஐ ஒட்டித் திரைக்கு வந்தபோது, நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி புலையர் சாதியில் பிறந்தவர் என்பதற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து விரட்டப்பட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிவந்தார். அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. நம் முகம் திரையில் தெரிவது அன்றைக்கே குற்றம். குச்சி உருவத்துக்கு முகமில்லை. வரைகிறவள் யாரென்று தெரியாமலே அவள் பேச முடியும். பொம்மைப் படம் நமக்கு எதுக்கு என்பதற்கு இது ஒரு பதில்.

6

படத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம். அரசியலமைப்பு என்கிற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்து சாட்டையோடு இருக்கிறார். பின்னால் நேரு இன்னொரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். ஊரே வேடிக்கை பார்க்கிறது. 2006இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுமத்தின் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இது சேர்க்கப்பட்டது. 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் இதை எழுப்பினார். அரசு பின்வாங்கியது. பாடநூலின் ஆலோசகர்கள் சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் விலகினார்கள். புனேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் அந்த நாட்களில் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த பெரும்பாலான எழுத்தின் தொனி ஒன்றுதான்: கேலியை ரசிக்கத் தெரியவில்லை, சாட்டை நத்தைக்கு ஓங்கப்பட்டது, மனிதனுக்கு அல்ல. சாட்டை என்பது நம் முதுகில் என்னவாக இருந்தது என்று அந்தத் தீர்ப்பெழுதியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைத் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்த விதமும் ஒரு வாசிப்புத்தான்.

இதற்குச் சரியான பதில் கூச்சலிலிருந்து வரவில்லை, உழைப்பிலிருந்து வந்தது. தானே ஒரு கேலிச்சித்திரக்காரரான உன்னமதி சியாம் சுந்தர் 1932லிருந்து 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகள் அம்பேத்கரை வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்களைத் தேடிச் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் தேதி, பத்திரிகை, அன்றைய அரசியல் நிகழ்வு, வரைந்தவர் யார், யாரைச் சிரிக்க வைக்க வரைந்தார் என்று எழுதினார். 2019இல் நவயானா அதைப் புத்தகமாகப் போட்டது. தனிப் படமாகப் பார்த்தால் 'வெறும் கேலி'. வரிசையாக அடுக்கினால் ஒரு வர்க்கம், ஒரு சாதி கால் நூற்றாண்டு சிரித்த வரலாறு. விமர்சனம் என்றால் இதுதான். வெட்டவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். தேதி போட்டு அடுக்கிக் காட்டினால் போதும், படமே பேசும்.

7

சேர்த்துவைப்பது பற்றி இன்னும் ஒன்று. பிளாஷ் நின்றுபோகும் என்று தெரிந்ததும் தன்னார்வலர்கள் இறங்கினார்கள். 2018இல் தொடங்கிய 'பிளாஷ்பாயிண்ட்' என்ற முயற்சி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளையும் படங்களையும் மீட்டு வைத்திருக்கிறது. 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய படங்கள் மீண்டும் ஓட வழி செய்தது. ஆனால் 'ப்ளாம்' செய்யப்பட்டவை? ஓட்டில் தோற்று நீக்கப்பட்டவை பெரும்பாலும் போனதுதான். சேகரிப்பவன் தீர்ப்பில் பிழைத்ததைத்தான் சேகரிக்க முடியும். அன்றைக்கு அவசரமாகப் போட்ட பூஜ்யம் இன்றைக்கு இல்லாமையாக நிற்கிறது.

அயோத்திதாசரின் எழுத்துகள் தொகுக்கப்பட்டது 1999இல். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்டது. அவர் இறந்தது 1914இல். எண்பத்தைந்து ஆண்டுகள் எந்தத் தமிழ் இலக்கிய வரலாற்றிலும் அவருக்கு இடமில்லை. பிழைத்தது எப்படி? யாரோ சில குடும்பங்கள் பழைய இதழ்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால். தாளை அப்படிப் பரணில் வைக்கலாம். செல்போனில் செய்த படத்தைப் பரணில் வைக்க முடியாது. போன் உடைந்தால் போச்சு, செயலியைத் தடை செய்தால் போச்சு.

8

கும்மிடிப்பூண்டிப் பக்கம் நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற மாலை வகுப்பில் பிள்ளைகள் செல்போனில் குச்சி மனிதர்களை வரைகிறார்கள். இரண்டு படங்களைப் பற்றிச் சொல்லியே ஆகணும்.

ஒன்று, சூளையில் அப்பா அம்மாவோடு வளர்ந்த பையன் செய்தது. முப்பத்தெட்டு வினாடி. ஒரு உருவம் தலையில் செங்கல் சுமந்து நடக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு கல் கூடுகிறது, உருவம் கொஞ்சம் குட்டையாகிறது. கடைசியில் கல் மட்டும் நகர்கிறது. அசைபடம் கற்றுக்கொள்பவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான பாடம் கனம். உருவத்துக்கு எடை இருப்பதைக் கோட்டில் காட்டணும். பட்டறைகளில் இதற்கென்று மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முழங்கால் எந்த நேரத்தில் மடியும், கழுத்து எப்போது விறைக்கும், பாதம் தரையில் விழுந்த பிறகு உடம்பு எவ்வளவு தாமதமாக வந்து சேரும் என்பது அவன் வீட்டுப் பாடம். சுமந்தவன் வரைந்தால் கோட்டில் கனம் இருக்கிறது. அழகியல் அழகியல் என்று பேசுகிறவர்கள் இதற்கு ஒரு பெயர் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொன்று ஒரு பெண் பிள்ளை செய்தது. வகுப்பறை. எல்லாம் ஒரே மாதிரி குச்சி உருவங்கள். வாத்தியார் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாக எழுந்து உட்காருகின்றன. ஒரு உருவம் எழுந்ததும் அதன் கையில் ஒரு துடைப்பம் முளைக்கிறது. நிறமில்லை, உடையில்லை, முகமில்லை, ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. சாதி உடம்பில் இல்லை, கூப்பிடுகிற குரலில் இருக்கிறது என்பதை நாற்பது வினாடியில் சொல்லிவிட்டாள். ஆனால் கடைசியில் எல்லா உருவங்களும் கைகோத்துச் சிரிக்கின்றன. அது வேண்டாம், அது சினிமாவிலிருந்து வந்த பொய் என்று அவளிடம் சொன்னோம். "சிரிக்காட்டி பாக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்க்கா" என்றாள். பார்க்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை கவலைப்படும்படி யார் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. தட்டிக்கொடுப்பது விமர்சனமாகாது. நம் பிள்ளை என்பதற்காக ஐந்துக்கு ஐந்து போடுவதும், நம் பிள்ளை இல்லை என்பதற்காகப் பூஜ்யம் போடுவதும் ஒரே சோம்பேறித்தனம்.

தேர்வாய்கண்டிகையில் தலித் மக்கள் தலைமுறையாக மாடு மேய்த்த, விறகும் தழையும் எடுத்த 1127 ஏக்கர் நிலம் சிப்காட்டுக்குப் போனது. 2009இல் மிஷெலின் டயர் நிறுவனம் அங்கே வர ஒப்பந்தமானது. ஊர் மக்கள் போராடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், 2012இல் பிரான்ஸ் வரை புகார் போனது. நிலத்தின் வரைபடம் யார் கையில் இருந்ததோ அவர்கள் அதை 'தரிசு' என்று வரைந்தார்கள். எங்கே மாடு தண்ணி குடித்தது, எந்த மரத்தடியில் என்ன கிடைத்தது என்பது ஊரார் நினைவில்தான் இருக்கிறது. அந்த வரைபடத்தை அந்த ஊர்ப் பிள்ளைகளே ஒரு நிமிஷ அசைபடமாக வரைந்தால் அது பொம்மையா, சாட்சியமா? ஆரம்பத்தில் தோழர் கேட்ட கேள்விக்கு என் முழுப் பதில் இதுதான்.

மாணவர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் கேட்பது கொஞ்சம்தான். இந்தப் படங்களைப் பாருங்கள். ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொல்லாமல் அரைப் பக்கமாவது எழுதுங்கள். எத்தனை வினாடி, எந்த ஆண்டு, எதில் செய்தது, திரையில் முதலில் என்ன வருகிறது, அடுத்து என்ன, எங்கே முடிகிறது என்று படத்தையே பார்க்காதவனுக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். ஏனென்றால் படம் அழிந்துபோகலாம், உங்கள் அரைப் பக்கம்தான் மிஞ்சும். செய்தவர் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று செய்தவரிடமே கேளுங்கள். வேலையில் குறை இருந்தால் இடம் சுட்டிச் சொல்லுங்கள். அவர் பதில் எழுதினால் பக்கத்திலேயே போடுங்கள். படத்தை வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி கொடுப்பதாக அரசு அறிவித்தது. கருவி மறுபடியும் வீட்டுக்குள் வருகிறது. இந்த முறை வரைகிறவர்களோடு சேர்ந்து, வரைந்ததைப் படிக்கிறவர்களும் சேரியிலிருந்து வரணும். தீர்ப்பெழுதும் வேலையை இனியும் மற்றவர்களிடமே விட்டுவைக்க முடியாது.